அணைக்க விடாத சுபநேரம்

இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் நிரந்தர இடம் ஒன்று காலியாகியிருந்தது. எப்படிக் காலியானது என்று கேட்க வேண்டாம். ஆள் போனால்தான் அங்கே இடம் காலியாகும். அடுத்த பெயர் என் மனைவி மெனிக்காவுடையது. போன கிழமை தாதி நிலந்தி கொம்பியூட்டரைப் பார்த்துத்தான் சொன்னாள். நிரந்தர இடம் இல்லாதவர்கள் பெரிய பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் காத்துக் கிடக்க வேண்டும். மெஷின் ஓய்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் வீங்கின காலோடு திரும்ப வேண்டும்.

இடத்தை எழுதித் தருவதாகச் சொன்ன அன்று மெனிக்காவையும் கூட்டிக்கொண்டு போனால், மேசையைச் சுற்றிக் கூட்டம். பெயர்கள் எல்லாம் இருக்கிற பழைய தரவுத்தளத்தை எடுத்துவிட்டுப் புதியது போடுகிறார்களாம். கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு, பாற்சோறு, வாழைப்பழம். கிளார்க் ஜயவீர சோதிடரிடம் நேரம் கேட்டு வந்திருந்தான். பத்து பதினேழுக்குப் பெரிய டொக்டர் வடக்கே பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்த வேண்டும்.

எதைப் புதுசாக்கினாலும் ஏழையின் பெயர்தான் முதலில் விழும். அதைப் பார்த்தே கிழவனானவன் நான்.

"மகள், மெனிக்காட பேரு பத்திரமா இருக்கா?"

"எங்க போகும் சீயா? போய் உட்காருங்க." நிலந்திக்குக் கிழவர்கள் எல்லாரும் சீயா, அதாவது தாத்தா.

கொம்பியூட்டர் வேலைக்கு வந்திருந்தவன் சமீர. தலை வழுக்கை விழத் தொடங்கிய, அதிகம் பேசாத ஆள். பெயர்களை மட்டும் விட்டுவிட்டுப் பழையதை நீக்கி முடித்தவன் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"கொம்பியூட்டரை ஒருக்கா அணைச்சுப் போடச் சொல்லுது, சேர். அப்பதான் புதுசு ஒழுங்கா ஏறும்."

"எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்றான் ஜயவீர.

"கிழட்டு மெஷின். கால் மணித்தியாலம் பிடிக்கும்."

"உனக்குப் பைத்தியமா? நேரம் போயிடும். விளக்கு எரியக்குள்ள அணைக்கிறதா?"

"மெஷினுக்குச் சகுனம் தெரியாது, சேர்."

"உனக்குந்தான் தெரியாது. அதனாலதான் இன்னும் பொண்ணு கிடைக்கல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். டொக்டரும் சிரித்தார். சமீர அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போக ஒரு வழி செய்து கொடுத்தான். டொக்டர் அழுத்தினார். பாற்சோறு பங்கு வைத்தார்கள். நானும் தின்றேன்.

திரையில் பச்சைக் கோடு பாதிக்கு மேல் போய் நின்றது. பிறகு பெருக்கல் குறி போல ஒரு சிவப்புப் புள்ளடி விழுந்தது. டொக்டர் கை கழுவிக்கொண்டு போய்விட்டார்.

சமீர மறுபடி போட்டுப் பார்த்தான். ஏற்கெனவே இருக்கிறது என்றது கொம்பியூட்டர். நீக்கிப் பார்த்தான். அப்படி ஒன்றும் இல்லை என்றது.

"பாதி ஏறிட்டுது, பாதி ஏறல்ல," என்றான் நிலந்தியிடம். "போடவும் விடாது, எடுக்கவும் விடாது."

இப்போது அணைத்துப் போட்டான். பலனில்லை. மத்தியானத்துக்குப் பிறகு, அரைகுறையாய்க் கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி அழித்தான். பழைய பெயர்கள் இருந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றது.

"இந்தப் பேருகளுக்கு வேற கொப்பி இருக்குதுன்னு சொன்னீங்களே, சேர்?"

"இருக்கு, இருக்கு. அழி," என்றான் ஜயவீர.

அழித்தான். அதற்குப் பிறகு புதியது ஒரு மறுப்பும் சொல்லாமல் ஏறியது. ஜயவீர மேசை லாச்சியிலிருந்து கொப்பி இருந்த சீடியை எடுத்துக் கொடுத்தான்; சமீர அதிலிருந்த பெயர்களை ஏற்றினான். அது சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னே எடுத்தது. மெனிக்காவைப் பதிந்தது அடுத்த மாசத்து வெசாக் பண்டிகைக்குப் பிறகு; நோய் முற்றியிருந்ததால் மேலே போட்டிருந்தார்கள்.

நிலந்தி திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"சீயா, அடுத்த பேரு சோமதாச."

"நீதானே மகள் போன கிழமை சொன்ன?"

"சொன்னேன். டொக்டர் இதுல இருக்கிறதுக்குத்தானே கையெழுத்து வைப்பார்."

"பிந்தி வந்த எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க," என்றான் ஜயவீர. "யாரை நம்புறது?"

சோமதாச சுவரோர வாங்கில் மெனிக்காவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவள் தனக்கு முன்னால் என்பது அவனுக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் சட்டையைப் பிடிக்க எழுந்தேன். மெனிக்கா என் சாரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க. அவனுக்கும் மூச்சு வாங்குது."

நிலந்தி அவள் பெயரை மறுபடி பதிந்தாள், எல்லாருக்கும் கடைசியில். பட்டணத்து பஸ் வந்தது.

"இன்டைக்கு மெஷின் ஓய்வா இருக்குமா?" என்றாள் மெனிக்கா.

"இருக்கும்."

படியில் ஏற அவளுக்குக் கால் எழும்பவில்லை. கொண்டக்டர் கத்தினான். நான் குனிந்து அவள் காலை இரண்டு கையாலும் தூக்கிப் படியில் வைத்தேன்.