துரையின் காலும் என் கையும்

முழங்கால் மடங்காதவர்கள், தோளைத் தூக்க முடியாதவர்கள் எல்லோரும் என்னைத் தேடித்தான் வருவார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். வலியில் கத்துபவர்களிடம் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று சொல்லிச் சொல்லியே பிழைப்பு ஓடுகிறது. அப்படிப்பட்டவனிடம் போய் "தொடாதீங்க" என்றால்?

சொன்னவள் என் மகள். அவள் வளர்க்கும் புள்ளிப் பல்லிக்குப் பெயர் துரை. கண்ணாடித் தொட்டிக்குள் அழகுக்கு வைத்த கல் சரிந்து, துரையின் பின்னங்கால் ஒன்று முறிந்துவிட்டது. கால்நடை டாக்டரம்மா கல்லையெல்லாம் எடுக்கச் சொல்லி, "அசையாம கிடந்தா எலும்பு கூடிடும். இல்லன்னா காலையே எடுக்கணும்" என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து மகளுக்கு வெளியூரில் வேலைப் பயிற்சி.

"அம்மாவுக்குப் பல்லின்னாலே ஆகாது. உங்கள நம்பித்தான்ப்பா போறேன். புழு குடுங்க, தண்ணி வைங்க. தொட மட்டும் தொடாதீங்க."

"காலப் பத்தி எனக்கே பாடமா?" என்றேன்.

முதல் வாரம் நல்லவனாக இருந்தேன். அதற்குமேல் முடியவில்லை. கால் மடங்கியே கிடந்தது. மூட்டு இறுகிப்போகுமே! டாக்டரம்மாவுக்குப் பல்லி தெரியும், மூட்டு தெரியுமா? துரையை மெல்லப் பிடித்து, விரல் நுனியால் காலை நீட்டி, பழக்க தோஷத்தில் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றேன்.

துரை கத்தவில்லை. வாலைக் கழற்றிப் போட்டுவிட்டது. அது மேஜைமேல் தனியாகத் துள்ளியது. கத்தியது நான்தான்.

மனைவி ஓடிவந்து எட்ட நின்று பார்த்தாள்.

"காலுக்குத்தானே வைத்தியம் பாத்தீங்க?"

"ஆமா."

"நல்லவேளை, உங்ககிட்ட வர்றவங்களுக்கு வால் இல்ல."

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "வால் முளைச்சிடும். ஆனா அதுலதான் கொழுப்பச் சேத்து வெச்சிருக்கும். இனிமே அது சாப்பிட்டே ஆகணும். கால இழுத்தீங்களா?"

"லேசா."

"இனி கைய மடியில வெச்சுக்குங்க" என்றார்.

துரை தொட்டிக்குள் இருந்த சின்ன அட்டைப்பெட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது. புழுவைக் காட்டினால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. மகள் போனில் கேட்கும்போதெல்லாம் "ராஜா மாதிரி இருக்கான்" என்று புளுகினேன். செத்துவிடுமோ என்ற பயம் பாதி. இனி அவள் எதையும் என்னை நம்பி விடமாட்டாளே என்ற பயம் மீதி.

அவள் திரும்பி வந்தபோது வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் நேராகத் தொட்டியின் முன் போய் உட்கார்ந்தாள்.

"கைய உள்ள வைங்கப்பா."

"நானா?"

"நீங்கதான். அது பயந்தது உங்களப் பாத்துத்தானே? அசையாதீங்க."

என் உள்ளங்கையில் ஒரு புழுவை வைத்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெட்டியிலிருந்து தலை எட்டிப் பார்த்தது. மொட்டை வாலுடன் துரை வந்தது. முறிந்த கால் கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் அதையும் ஊன்றித்தான் வந்தது. புழுவை லபக்கென்று விழுங்கிவிட்டு, கைச்சூடு பிடித்துப்போய் அங்கேயே படுத்துக்கொண்டது.

"இருங்க, குளிச்சிட்டு வந்துடறேன். பாத்துக்குங்க" என்று மகள் எழுந்து போனாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கை மரத்துப்போனது. மரத்துப்போனால் உடனே ஆட்டுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன், விரலைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.