அஞ்சே நிமிஷம்

1.
இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. அதைத் தட்டச்சு செய்தவன் நான். "விண்ணப்பதாரர் உடலைத் தயார்செய்யாமல் ஓடினார்." தீயணைப்புப் படைக்கு ஆள் எடுத்த அன்று, அதிகாரி சொல்லச் சொல்ல அடித்த வரி. அவள் தயார்செய்துகொண்டிருந்ததை ஜன்னல் வழியே பார்த்தவனும் நான்தான்.

2.
முதல் தொடக்கம்: "காலைப் பனியில் மைதானம் அழகாக..." கோடு போட்டு அடித்துவிட்டேன். அழகு ஒன்றுதான் குறைச்சல்!

இரண்டாவது: சலவைக்கூடத்தில் மூட்டை தூக்கும் அவளுக்கு வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது. மூன்று மணி நேரம் குளிர்ந்த சிமெண்ட் தரையில் உட்காரவைத்தார்கள். முறை நெருங்கியதும் எழுந்து மெல்ல ஓடினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் வீசினாள்.

"என்னம்மா, டான்ஸ் ஆட வந்தியா? கோட்டுல போய் நில்லு," என்றார் அதிகாரி.

"அஞ்சே நிமிஷம் சார். உடம்பு சூடாகாம அம்பது கிலோ மணல் மூட்டையைத் தூக்கிட்டு ஓடினா..."

"நெருப்புகிட்டயும் அஞ்சு நிமிஷம் கேப்பியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். (இதை நீக்கக் கை துறுதுறுக்கிறது. நீக்க மாட்டேன்.)

அன்று எங்கும் நெருப்பு எரியவில்லை. அவருக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்கியது, அவ்வளவுதான்.

3.
மெல்ல ஓடி, காலை வீசும்போது ரத்தம் சதைக்குள் பாய்கிறது. மூச்சும் இதயமும் வரப்போகும் பாரத்துக்குத் தயாராகின்றன. விறைத்த உடம்பைத் திடுமென விரட்டினால் அது திணறும். ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் அவள் தொடைத் தசை கிழிந்திருக்காதா? "உறுதியா சொல்ல முடியாது. ஆபத்து குறைஞ்சிருக்கும்," என்றார் மருத்துவர். அந்தச் சந்தேகத்தை அதிகாரிக்குக் குடையாகப் பிடிக்க என்னால் முடியாது.

4.
நாற்பதாவது அடியில் பின்தொடை 'பட்'டென்றது. விழுந்தவள் மணல் மூட்டையோடு ஊர்ந்துபோய் எல்லைக்கோட்டைத்... பொய். வலியில் அலறினாள். யாரும் கைதட்டவில்லை.

மறுவாய்ப்பு கேட்டாள். என் வரியைக் காட்டி மறுத்துவிட்டார்கள்.

5.
போன வாரம் இந்தக் கதையை அவள் வீட்டுக்கே கொண்டுபோனேன். ஸ்டூலில் காலை நீட்டியபடி முழுசும் படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணா. கதை எனக்கு எதுக்கு? பாத்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மேல்முறையீட்டுல சேக்கறேன்."

"என் வேலை போயிடும்மா. பிள்ளைங்க படிக்கிறாங்க..."

"அப்ப எடுத்துட்டுப் போங்க." தாள்களை என் மடியில் எறிந்தாள்.

மேல்முறையீட்டுக்கு நாளை கடைசி நாள். கையெழுத்துப் போட்டேன் என்று ஒரு முடிவு எழுதினேன், கிழித்தேன். போடவில்லை என்று எழுதினேன், அதையும் கிழித்தேன். இனி உங்கள் பாடு. நீங்களாக இருந்தால் போடுவீர்களா?

சட்டென்று தலையாட்டாதீர்கள். எரிச்சலாக வருகிறது.