வெள்ளையடித்த பச்சை வீடு

வீட்டை விற்கப்போகிறேன் என்று வாயைத் திறந்த நாளிலிருந்து நரன்ஹோ ஊரில் எனக்குப் புத்தி சொல்லாதவர்கள் பாதிரியாரும் பின்வீட்டு பெலர்மினாவும் மட்டும்தான். பாதிரியார் ஊரில் இல்லை, பயணம் போயிருந்தார். "தனிக்கட்டை, இந்த வயசுல எங்க போகப்போறே சொராய்தா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எங்கே போகப்போகிறேனா? புந்தரேனாஸுக்கு, கடலோரத்துக்கு. படகுத்துறைக்கு எதிரே ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை விலைக்கு வந்திருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் ஊரான் பிள்ளைகளுக்குச் சோறும் பீன்ஸும் ஆக்கிப்போட்டே என் காலம் போய்விட்டது. உப்பு எவ்வளவு போடவேண்டும் என்பதைக்கூட மேலிடத்திலிருந்து சொல்லி அனுப்புவார்கள். இனிமேல் என் அடுப்பு, என் உப்பு, வாசலில் என் பெயர் எழுதிய பலகை. கடைக்காரர் ஜனவரி முடிகிறவரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் வீடு விற்றால் கடை எனக்கு. இல்லையென்றால் வேறு எவனுக்கோ.

புது வருஷம் பிறந்ததும் என் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். என் புருஷன், புண்ணியவான், எதையும் தூக்கிப்போட மனசு வராத மனுஷன். பாடாத ரேடியோ, ஜோடி இல்லாத பூட்ஸ், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள். எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பின்பக்கம் போட்டேன். போட்ட மூட்டையில் பாதியை பெலர்மினா பிரித்துத் தன் வீட்டுக்குள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

பெலர்மினாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் வீட்டுக் கொல்லையும் என் வீட்டுக் கொல்லையும் முதுகோடு முதுகு ஒட்டியவை. வாசல்கள் மட்டும் வேறு வேறு தெருவில். அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கினால் எனக்குக் கண் எரியும். ஊரில் யார் வீட்டில் ஜெபம் என்றாலும் முன்னின்று நடத்துகிறவள் அவள்தான். அந்த வாய் ஜெபத்திலிருந்து ஓயும்போது என்னோடு சண்டை போடும்.

"இந்த ரேடியோவை ஏண்டி வீசறே? நல்லாத்தானே இருக்கு?"

"பாடாதுடி."

"நீகூடத்தான் பாடமாட்டே. உன்னை வீசினோமா?"

வீட்டை விற்பதைப் பற்றி மட்டும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாவற்றுக்கும் வாய் ஓயாதவள் இதற்கு மட்டும் பேசாமல் இருந்தது எனக்கு உறுத்தியது. கேட்க நேரமில்லை, வேலை தலைக்கு மேல் கிடந்தது.

வெள்ளையடிக்கச் சொன்னது என் அண்ணன் மகன். தலைநகரத்தில் வீடு விற்றுக் கொடுக்கிற தொழில் அவனுக்கு. "அத்தை, அந்தக் கிளிப்பச்சையைப் பார்த்தா வர்றவன் தெருமுனையிலேயே திரும்பிடுவான். இப்பல்லாம் எல்லாரும் வெள்ளைதான் கேக்கறாங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் தெருவுக்குப் பெயரும் கிடையாது, வீட்டுக்கு எண்ணும் கிடையாது. பச்சை வீட்டிலிருந்து நூறு மீட்டர் தெற்கே மருந்துக்கடை. பச்சை வீட்டுக்கு எதிர்ச்சந்தில் தையல்காரி. கல்யாணப் பத்திரிகையில்கூட என் வீட்டை அச்சடித்திருக்கிறார்கள். இருந்தாலும் கடல் முக்கியமா, பச்சை முக்கியமா? ஜனவரிக் காற்று தொப்பியைப் பிடுங்க, ஏணியில் நின்று நானே அடித்தேன். முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தால் பல் விளக்கின மாதிரி பளிச்சென்று இருந்தது.

வானொலியில் விளம்பரம் கொடுத்தேன். மூன்று பேர் போன் செய்தார்கள். மூன்று பேரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மதியம் வரச் சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்த்தால்தான் கை கொஞ்சம் வேகமாகப் பைக்குள் போகும். அந்தச் சாமர்த்தியமெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த ஞாயிறு தரையை முகம் தெரியத் தேய்த்து, காப்பி வடித்து, நல்ல கோப்பைகளை எடுத்துவைத்து, சன்னல்களைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். ஒரு ஈ காக்காய் வரவில்லை. காப்பி ஆறியது. மறுபடி வடித்தேன். அதுவும் ஆறியது. போனை எடுத்துக் கூப்பிட்டால் மூன்று பேரும் எடுக்கவில்லை. "மரியாதை தெரியாத ஜென்மங்கள்! வரலைன்னா வரலைன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்று காலி வீட்டில் கத்தினேன். காலி வீடு திருப்பிக் கத்தியது. அப்போதுதான் உள்ளே கொஞ்சம் பயம் வந்தது. ஜனவரி பாதி போய்விட்டது.

பின்பக்கத்திலிருந்து ஜெபமாலைச் சத்தம் கேட்டது. அன்றைக்கு பெலர்மினா வீட்டில் பாலன் இயேசுவுக்கு ஜெபம். அதைச் சொல்லி முடிக்காமல் கிறிஸ்துமஸ் குடிலைக் கலைக்கக்கூடாது. நான் போகாவிட்டால் அடுத்த ஜனவரி வரை அதைச் சொல்லிக் காட்டுவாள். எரிச்சலோடு சால்வையைப் போர்த்திக்கொண்டு தெருமுனை சுற்றிப் போனேன்.

போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பெலர்மினாவின் வீடு பச்சை. ஏதோ ஒரு பச்சை இல்லை, என் பச்சை, அசல் கிளிப்பச்சை. துடைப்பமும் கையுமாக வீட்டுக்குள்ளேயே கிடந்ததில் அந்தத் தெருப்பக்கம் நான் எட்டியே பார்க்கவில்லை. சாய நெடி அடித்தபோதெல்லாம் அது என் வீட்டு நெடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே கூட்டம். குடிலுக்கு முன்னால் பெலர்மினா முழங்காலில் நின்று ஜெபம் சொல்கிறாள். முன்வரிசையில் ஊருக்குச் சம்பந்தமில்லாத முகங்கள். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நெளிகிற ஒரு பெரியவர். ஒரு சின்னவயதுப் பெண், கையில் யாரோ கொடுத்த ஜெபமாலை. பக்கத்தில் அவள் புருஷன், வாழையிலையைப் பிரித்து, மக்காச்சோள மாவில் அவித்த தமாலை விழுங்கிக்கொண்டிருந்தான். காலடியில் கிடந்த இலைகளைப் பார்த்தால் அது முதலாவது இல்லை. நான் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் காதோரம் குனிந்தாள்.

"அம்மா, நீங்க இந்த ஊரா? ஒண்ணு கேக்கலாமா? வீட்டை எப்ப காட்டுவாங்க? முழு ஜெபமும் சொன்னாத்தான் காட்டுவாங்களா?"

"எந்த வீட்டை?"

"இதைத்தான். போன்ல ஒரு அம்மா, கோயில்லேர்ந்து கிழக்கே வா, பச்சை வீடு எதுன்னு கேளுன்னாங்க. கேக்கவே வேண்டியதா இல்லை, கண்ணுல பட்டுச்சு. அந்தம்மா யாருன்னுதான் தெரியலை. குரல் கொஞ்சம் அதட்டலா இருந்தது. இந்தம்மா குரல் அப்படி இல்லையே?"

எனக்குத் தலையில் கல் விழுந்தது. பச்சை வீடு! ஏணியில் ஏறி என் கையால் வெள்ளையடித்துவிட்டு, அதே வாயால் மூன்று பேருக்கும் பச்சை வீடு என்று சொல்லியிருக்கிறேன். பிறந்ததிலிருந்து பழகின நாக்கு, அதற்குச் சுண்ணாம்பும் தெரியாது, சாயமும் தெரியாது.

"உள்ளே வரும்போது என்னம்மா சொன்னீங்க?"

"பார்க்க வந்திருக்கோம்னு சொன்னோம். வாங்க வாங்கன்னு கையைப் பிடிச்சு உக்கார வெச்சுட்டாங்க."

உட்காரவைக்கத்தான் செய்வாள். ஜனவரியில் முன்பின் தெரியாதவர்கள் வாசலில் நின்று பார்க்க வந்தோம் என்றால், குடில் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றுதான் எங்கள் ஊரில் எடுத்துக்கொள்வார்கள். ஜெபம் நடக்கும்போது எழுந்து போகிற அளவுக்கு இவர்களுக்கும் துணிச்சல் வரவில்லை. இன்னொரு ஜோடி நடுவிலேயே பால்சோறு சாப்பிட்டுவிட்டு நழுவிவிட்டதாம்.

சரி, முடியட்டும், கூட்டிக்கொண்டு போவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஜெபமாலை முடிந்தது. மன்றாட்டு மாலை முடிந்தது. பெலர்மினா திரும்பி என்னைப் பார்த்தாள், என் பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். சூசையப்பருக்கு ஒன்று. அந்தோணியாருக்கு ஒன்று. ஆத்துமாக்களுக்கு ஒன்று. கடல்பயணம் போகிறவர்களுக்கு ஒன்று. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர்களுக்கு ஒன்று. தொப்பிப் பெரியவர் எழுந்து, கும்பிடு போட்டு, தெருவில் இறங்கியே விட்டார். என் கடையின் மூன்றில் இரண்டு பங்கு வாசல் வழியாகப் போய்விட்டது. பெலர்மினா பல்வலிக்குக் காவலான புனிதையைக் கூப்பிடத் தொடங்கியபோது நான் எழுந்து நின்றேன்.

"ஆமென்!" என்றேன், கூரை அதிர.

இருந்தவர்கள் பழக்கதோஷத்தில் "ஆமென்!" என்று பதில் சொல்லி, சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஜெபம் முடிந்தது. பெலர்மினாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"எது?"

"என்கிட்ட நடிக்காதே. அவங்க குடில் பார்க்க வரலைன்னு எப்போ தெரிஞ்சுது?"

அவள் பானை மூடியைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "ஜெபமாலையில முதல் பத்து முடிஞ்சதுமே. அந்தப் பையன், எத்தனை ரூம் இருக்குன்னு பக்கத்துல இருந்தவரைக் கேட்டான்."

"தெரிஞ்சும் உக்கார வெச்சியா? அந்தோணியார்வரைக்கும் போனியே, பாவி! தேதி உனக்குத் தெரியாதா? கடை போயிடும்டி!"

"போகட்டுமே."

"என்னது?"

"போகட்டும்னேன். கடை போனா நீ இருப்பேல்ல." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பச்சை எதுக்கு அடிச்சேன்னு கேக்கலையே நீ. நீயும் போய், அந்தப் பச்சையும் போயிட்டா, இந்த ஊர்ல நான் எந்த வீட்டுக்குப் பக்கத்துல இருக்கேன்னு யார் சொல்லுவாங்க?"

அடிக்க ஓங்கின கை மாதிரி என் கோபம் அந்தரத்தில் நின்றது. இருந்தாலும் நான் கடலை விடுகிறதாக இல்லை. "அழுகையெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். இப்ப என்னோட வா" என்றேன். அந்தச் சின்ன ஜோடியையும் அழைத்துக்கொண்டு தெருமுனை சுற்றினோம். அவள் பெயர் யொர்லெனி, மருத்துவமனையில் தாதி. அவன் வில்பெர்த், பேருந்து ஓட்டுகிறவன். என் வீட்டைப் பார்த்ததும் வில்பெர்த் சிரித்துவிட்டான். "இதுவா பச்சை வீடு?" என்றான். "ஆமாம், கண்ணைத் திறந்து பார்த்தா வெள்ளையாத் தெரியும்" என்றேன்.

அறை அறையாகக் காட்டினேன். சன்னல்களை மூடித் திறந்து காட்டினேன். குழாயைத் திறந்துவிட்டேன். யொர்லெனி கடைசி அறையில் நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழைக்கு ஒழுகுமா அம்மா? இப்ப இருக்கிற வாடகை வீட்டுல மே மாசம் மழை ஆரம்பிச்சதுலேர்ந்து மாமியார் கட்டிலை அறை அறையா தள்ளிட்டுத் திரியறோம். மறுபடியும் அப்படி ஒரு வீட்டுக்குள்ள என்னால போகமுடியாது."

"ஒரு சொட்டு ஒழுகாது."

"விக்கிறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. இதுவரைக்கும் பார்த்த எல்லா வீட்டுலயும் சொன்னாங்க." அவள் கதவோரம் நின்றிருந்த பெலர்மினாவிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. ஜெபம் சொல்ற வாய், பொய் வராது. ஒழுகுமா?"

வெளியே காற்று தகரத்தைத் தட்டியது. பெலர்மினா கூரையை அண்ணாந்து பார்த்தாள். தெரியலையேம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தோளைக் குலுக்கினாலே போதும். இவர்கள் கும்பிடு போட்டுப் போய்விடுவார்கள், நான் சாகிறவரை இவளுக்குப் பின்னாலேயே வெங்காயம் நறுக்கிக்கொண்டு கிடப்பேன். அவளுக்கும் அது தெரியும். என்னை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"ஒழுகிச்சு," என்றாள்.

யொர்லெனியின் முகம் வாடிவிட்டது.

"போன வருஷம் ஒழுகிச்சு. நவம்பர்ல இவளே கூரைமேல ஏறி, ஒழுகின தகரம் மூணையும் கழட்டிப் புதுசு போட்டா. ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ நான். ஆணி ஒவ்வொண்ணுக்கும் அடியில ரப்பர் வெச்சியான்னு கீழேர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். அதுக்கப்புறம் கொட்டின மழைக்கு உள்ளே வந்து தரையைத் தடவிப் பார்த்தேன். காய்ஞ்சு கிடந்துச்சு. இவ பொல்லாதவ, வாய் நீளம். ஆனா வேலையில ஏமாத்தத் தெரியாது. வாங்கிக்கோங்க." சொல்லிவிட்டு அவள் என் சமையலறைக்குள் போய், ஆறிய காப்பியைக் கொட்டிவிட்டுப் புதிதாக வடிக்க ஆரம்பித்தாள்.

யொர்லெனி புருஷனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். திங்கட்கிழமை வக்கீலிடம் போவதாகப் பேசி முடித்தோம். அவன் தெருவில் இறங்கும்போது, "அம்மா, மிச்சத் தமால் ஏதாவது இருக்குமா?" என்று பெலர்மினாவைக் கேட்டான். நாலு பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

அவர்கள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் காலி அறையில் மூட்டைமேல் உட்கார்ந்தோம். விற்றுவிட்டேன். கடல் எனக்கு. சந்தோஷத்தில் கத்தவேண்டும் போல இருந்தது.

"தெரியலைன்னு சொல்லியிருந்தா நான் இங்கேயே கிடந்திருப்பேனேடி," என்றேன். "ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் நினைச்சேன்." அவள் காப்பியை ஊதிக் குடித்தாள். "உன் மூஞ்சியைப் பார்த்தேன். அந்த மூஞ்சியோட நீ பக்கத்துல இருந்து நான் என்ன பண்ண?"

நான் அவள் தோளில் சாய்ந்து அழுதேன். அவளும் அழுதாள். அழுதுகொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் புந்தரேனாஸுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.