இளைத்து வந்த மூலக்கல்

முத்திரைக்காரர் மூலக்கல்லைத் திருப்பிப் பார்த்தார். அடிக்குழியில் ஈயம் பாதிதான் இருந்தது.

ஊரிலுள்ள எடைக்கற்களுக்கெல்லாம் அந்த ஒரு கிலோ மூலக்கல்தான் அளவு. வருடத்துக்கு ஒருமுறை அதனோடு ஒப்பிட்டு, கல்லின் அடியிலுள்ள ஈயத்தில் முத்திரை குத்துவது அவர் வேலை. ஆபீசில் இருந்தால் துருப்பிடிக்கும் என்று நகரத் தலைவர் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று மாதம் வைத்திருந்தார். துருப்பிடிக்கவில்லை. விருந்துக்குப் போன கல் இளைத்துத்தான் திரும்பியது.

ஊரின் பெரிய தானியக்கடையும் தலைவருடையதுதான். முத்திரைக்காரர் கல்லைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

அந்த வருடச் சோதனையில் தலைவர் கடைக் கற்கள் மட்டும் சரியாக இருந்தன. மற்றவர்கள் அத்தனை பேரும் மக்களுக்கு அதிகம் கொடுத்த குற்றத்தில் மாட்டினார்கள். அபராதம் வேண்டாம், ஈயத்தைச் சுரண்டினால் போதும் என்றார் தலைவர். பெரிய மனசு என்று வியாபாரிகள் வரிசையில் நின்றார்கள்.

முத்திரைக்காரரின் மைத்துனன் மட்டும் வரவில்லை. அவனுக்கும் தானியக்கடைதான். இவரே தேடிப் போனார்.

"என் கல்லு சரியா இருக்கு, அத்தான். உங்க கல்லுக்குத்தான் சீக்கு."

"மெதுவாப் பேசு மாப்ளே. அது அரசாங்கக் கல்லு."

"அப்ப அரசாங்கத்துக்குத்தான் சீக்கு."

பக்கத்துக் கடைக்காரர் சிரித்துவிட்டார். சாட்சி ஆகிவிட்டது. கடைக்குப் பூட்டு, கல் பறிமுதல் அறைக்குப் போனது.

அன்று மதியம் மனைவி அவர் முன்னால் வெறும் தட்டை வைத்தாள்.

"என் தம்பி கடையத் திறந்துட்டு வாங்க. அப்புறம் சாப்பாடு."

மூன்று வாரம் அவர் டீயும் பன்னுமாக ஓட்டினார்.

அறுவடை வந்தது. தலைவரே ஆபீசுக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"கொள்முதல்ல கையைக் கடிக்குதுய்யா. கிலோவுக்குக் காசு குடுத்தா முக்கால் கிலோதான் வருது. இந்த ஊர்ல நியாயமான கல்லே கிடையாதா?"

"எல்லாத்தையும் சுரண்டியாச்சுங்க. பறிமுதல் ரூம்ல ஒண்ணே ஒண்ணு இருக்கு."

"எடு."

"வழக்குல இருக்குதுங்க. வழக்க வாபஸ் வாங்கி, கடையத் திறந்துவிட்டாத்தான் எடுக்கலாம்."

தலைவர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். "நல்ல கல்லு வெச்சிருக்கிறவன் நல்லவனாத்தான் இருப்பான்" என்றபடி கல்லைப் பையில் போட்டுக்கொண்டார். இனி அது வாங்குவதற்கான மூலக்கல். ஆபீசில் இருப்பது விற்பதற்கானது.

மைத்துனன் கடையைத் திறந்தான். ஆபீஸ் கொடுத்த கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தான்.

"சீக்குக் கல்லுதானே அத்தான் இது?"

"முத்திரை இருக்கில்ல? வாய மூடிட்டு வியாபாரத்தப் பாரு."

வாயை மூடிக்கொண்டான். நிறுத்தபின் ஒவ்வொரு பைக்கும் மேலே ஒரு பெரிய கை அள்ளிப் போட்டான். வாசலில் கூட்டம் சேர்ந்தது. முத்திரைக்காரர் வீட்டில் தட்டும் நிரம்பியது.

நான்காம் நாள் காலை மேசையில் ஒரு மனு கிடந்தது. 'மேற்படி கடையில் சரியான எடைக்குமேல் கொடுக்கப்படுகிறது. உடனே நடவடிக்கை எடுக்கவும்.' கீழே பதினொரு வியாபாரிகளின் கையெழுத்து. ஓரத்தில் தலைவரின் பச்சை மையில், 'பூட்டுக.'

முத்திரைக்காரர் இழுப்பறையைத் திறந்து பூட்டைப் பார்த்தார். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று திரும்ப மூடினார். வீட்டுக்கு நடந்தார்.

"என்ன, இவ்வளவு சீக்கிரம்?" என்றாள் மனைவி.

"பசிக்குது. சாப்பாடு போடு."

இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.