ஆறு புள்ளி எட்டு

கருவை வைக்க வேண்டுமென்றால் ஸுப்ரியாவின் கர்ப்பப்பை உள்படலம் ஏழு மில்லிமீட்டராவது தடித்திருக்க வேண்டும் என்று டாக்டர் அம்பிளி என்றைக்குச் சொன்னாளோ, அன்றிலிருந்து மட்டாஞ்சேரியில் அந்த வீட்டுக்கு வேறு பேச்சே இல்லை. உறைய வைத்த கருக்களில் மிச்சம் ஒன்றுதான். தடிமன் போதாது என்று இரண்டு மாதமாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் தடவையும் வெறுங்கையோடு வர ஸுப்ரியாவுக்குத் தெம்பில்லை.

மாமனார் சிவராமகிருஷ்ணன் ஏலக்காய்த் தரகர். நாற்பது வருஷமாகக் காயைச் சல்லடையில் சலித்து, எட்டு மில்லிமீட்டருக்கு ஒரு விலை, ஏழுக்கு ஒரு விலை என்று பேசியவர். மருமகளின் படலமும் அவருக்கு அப்படியேதான் புரிந்தது.

"ஏழு ரெண்டாம் தரமாக்கும். நமக்கு எட்டு வேணும்," என்றார்.

மாமியார் கனகாம்பாள் காலையில் பீட்ரூட் சாறு, மத்தியானம் பீட்ரூட் பச்சடி, ராத்திரி பீட்ரூட் தோசை என்று இறங்கிவிட்டாள். அடுத்த வீட்டு பிந்து மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "மோளே, இன்னு எத்ரயாயி?" என்று படலத்தின் அன்றைய அளவைத் தினமும் தங்க விலை கேட்பது போலக் கேட்பாள்.

ஸ்கேன் அன்று காலை மாமனார் ஒரு கூஜா நிறையத் தண்ணீரோடு வந்து நின்றார்.

"முழுக்கக் குடி. காயை ஒரு ராத்திரி நனச்சு வெச்சா அரை மில்லி கூடும். கோடவுன்ல எல்லாருக்கும் தெரிஞ்ச காரியம்."

"அப்பா, நான் காயா?"

"காயா இருந்தா நான் இத்தனை கஷ்டப்படுவேனா? குடி."

குடித்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதல் காரியமாக அவளைக் கழிவறைக்கு அனுப்பினாள். மாமனாரின் அரை மில்லி அங்கேயே போயிற்று.

திரையில் 6.8 என்று வந்தது.

"டாக்டர், இன்னொரு தடவை கூட அளந்து பாக்கலாமோ? அப்பா சொன்னா..." என்று இழுத்தான் கணவன் வெங்கிட்டு.

"அப்பாவும் ஸ்கேன் டாக்டரா?"

"இல்லை. ஏலக்காய்."

அம்பிளி ஸுப்ரியா பக்கம் திரும்பினாள். "வேற ஆள் அளந்தா ஏழும் வரும், ஆறரையும் வரும். ஏழுக்கு மேலே போனா சான்ஸ் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பத்து இருந்தும் பிடிக்காதவங்க உண்டு, ஆறுல பிடிச்சவங்களும் உண்டு. உங்களுக்கு படலம் மூணு வரியா தெளிவா தெரியுது, அது நல்லது. இன்னிக்கு ஊசி தொடங்கினா ஆறாம் நாள் கருவை வெக்கலாம். வேண்டாம்னா அடுத்த மாசம். நீங்க சொல்லுங்க."

வெங்கிட்டு அதற்குள் போனைக் கையில் எடுத்திருந்தான். அவன் அழைக்கும் முன்னால் அதுவே அடித்தது.

"அப்பாவாக்கும். எத்தனைன்னு கேப்பா. என்ன சொல்லட்டும்?"

இது தவறினால் வேறு கரு இல்லை. இந்த வீட்டில் அதை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள்தான் தினமும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் ஏழே முக்கால் வந்தாலும் மாமனார் எட்டு கேட்பார்.

"சந்தை இன்னிக்கு அடைச்சாச்சுன்னு சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கினாள் ஸுப்ரியா. "டாக்டர், ஊசி எந்த ரூம்ல போடறா?"