டர்போவுக்கு மூன்று குழாய்கள்

அவனை எல்லோரும் டவுட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நட்டை முறுக்கி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு நாலடி நடந்தபின் திரும்பி வந்து அதே நட்டை இன்னொரு முறை தொட்டுப் பார்ப்பான். அதனால்தானோ என்னவோ, அவன் கைபட்ட வண்டி வழியில் நின்றதில்லை என்று பெயர். அப்படிப்பட்டவன் அன்று மத்தியானம் பட்டறை மேசையில் மூன்று எண்ணெய்க் குழாய்களை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நம்பர் குழாயின் துளையில் பேனா ரீஃபில்தான் நுழையும். ஆறாம் நம்பரில் பென்சிலே நுழையும். நாலாம் நம்பர் இரண்டுக்கும் நடுவில்.

வண்டி அவனுடைய அக்காவின் வேன். சிறுநீரகம் பழுதானவர்களை மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்திகரிக்க ஏற்றிப் போவது அவள் வேலை. ஆள்களோடு அந்த ஏற்றத்தில் ஏற டர்போ இல்லாமல் முடியாது. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றைத் திணிக்கிற சின்னச் சக்கரம் அது. அதன் அச்சுக்கு எந்நேரமும் எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய குழாய் உள்ளே கருகி அடைத்துக்கொண்டதால் அச்சு வறண்டு இறுகிவிட்டது. வேறொரு வகை வண்டியிலிருந்து கழற்றிய டர்போ ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டியிருந்தான். இதுவும் போனால் இன்னொன்று கிடைக்க மாதக்கணக்காகும். அதன் வாய்க்குப் பழைய குழாய் பொருந்தவில்லை. எந்த அளவில் புதுக்குழாய் போடுவது என்பதுதான் கேள்வி.

"பெரிசாவே போடுப்பா. எண்ணெய் இல்லாமத்தானே போன டர்போ செத்துச்சு? இது நல்லா குளிக்கட்டும்" என்றார் எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர்.

ஆறாம் நம்பரை மாட்டி இன்ஜினை ஓடவிட்டான். சற்று நேரத்தில் பட்டறை முழுக்க நீலப்புகை. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னடா இது, என் வேனை கொசு மருந்து அடிக்கிற வண்டியா மாத்திட்டே?"

"எண்ணெய் அதிகமாப் போகுதுக்கா. அச்சைத் தாண்டி உள்ளே கசியுது. அதான் எரிஞ்சு புகையா வருது."

நாலாம் நம்பரை மாட்டினான். புகை கொஞ்சம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மூன்றாம் நம்பரை மாட்டினான். புகை போன இடம் தெரியவில்லை.

"பாத்தியா, சின்னதே போதும்னு நான் அப்பவே நினைச்சேன்" என்றார் கடைக்காரர்.

"நீங்க பெரிசுன்னு சொன்னீங்க அண்ணே."

"வாய் சொல்லிச்சுப்பா. மனசு சின்னதுன்னுதான் சொல்லிச்சு."

அவர் போய்விட்டார். டவுட்டுக்குத்தான் நிம்மதியில்லை. இந்த மாதிரி டர்போவில் வேலை செய்தவர்கள் இரண்டு பேரை போனில் கேட்டுப் பார்த்தான். இருவருமே யோசிக்காமல் நாலாம் நம்பர் என்றார்கள். மூன்றாம் நம்பரின் நுனியைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்த்தான். இன்ஜின் நன்றாகச் சூடானபின் எண்ணெய், சரியாக மூடாத தண்ணீர்க் குழாயில் வடிகிற மாதிரி மெலிந்துதான் வந்தது. மலை ஏற்றத்தில் இது போதுமா?

நாலு சரி என்றால் ஏன் புகைகிறது? மூன்று சரி என்றால் ஏன் எல்லோரும் நாலு என்கிறார்கள்? ஒரே டர்போவுக்கு எண்ணெய் கூடவும் செய்யுமா, குறையவும் செய்யுமா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. ஸ்பேனரை எங்கே வைத்தோம் என்று தேடி, அது தன் கையிலேயே இருப்பதைப் பார்த்தான்.

"மூணையே போட்டுக் குடுடா. புகை இல்லையே" என்றாள் அக்கா. "நாளைக்குக் காலையில நாலு நோயாளிங்களும் வாசல்ல நிப்பாங்க."

"பாதி மலையில இறுகிட்டா?"

"அப்ப நாலைப் போடு."

"அது புகையுதேக்கா. எண்ணெயைக் குடிச்சுத் தீர்த்துட்டா இன்ஜினே போயிடும்."

"அப்ப என்னதான்டா செய்யணும்கிறே?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி நிக்கிறேன்?"

"வேற வண்டியும் கேட்டுப் பாத்துட்டேன். நோயாளிங்கன்னு சொன்னதும் கையை விரிக்கிறாங்க." அவள் வேன் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. பிரார்த்தனை செய்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். தானும் செய்யலாமா என்று நினைத்தான். எந்த நம்பருக்காகக் கேட்பது என்பதில்தான் குழப்பம்.

அப்போது தையல்காரர் வந்தார். நாளைக்கு வேனில் போக வேண்டிய நாலு பேரில் ஒருவர். மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"வேலை நடக்கட்டும் தம்பி, நான் சும்மாதான் வந்தேன்" என்றார். "வண்டி தயாராகலேன்னா அவசரப்படுத்தாதீங்கன்னு சொல்லிட்டுப் போகலாம்னு. ஒரு தடவை தள்ளிப்போனா ஒண்ணும் ஆகாது. எனக்கு இந்தத் தடவை உடம்பு தேவலை."

டவுட்டு அவர் காலைப் பார்த்தான். செருப்பின் வார் பூட்டப்படாமல் தொங்கியது. பாதம் அந்த அளவுக்கு வீங்கியிருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து இந்தக் காலோடு நடந்து வந்து, உடம்பு தேவலை என்கிறார். தன் மனம் கஷ்டப்படக் கூடாது என்பதற்காகச் சொல்கிற பொய் அது என்று அவனுக்குப் புரிந்தது. இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து டம்ளர் நிறைய ஊற்றி நீட்டினான்.

அவர் அதில் முக்கால்வாசியைத் திரும்ப பாட்டிலிலேயே ஊற்றினார்.

"என்னண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க, முழுசாக் குடிங்க."

"ஆசைதான். ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் அளவெடுத்தவன் நான். இப்ப என் பெஞ்சாதி எனக்குத் தண்ணியை அளந்து குடுக்கிறா." சிரித்தார். "குடிக்கிறது ஒண்ணும் தப்பில்லை தம்பி. உங்களுக்கு எவ்வளவு தாகமோ எனக்கும் அவ்வளவு தாகம்தான். ஆஸ்பத்திரியில எடுத்துவிடற வரைக்கும் குடிச்சது வெளியே போகாது, அதான் வம்பு. அது காலுக்கு வரும், நெஞ்சுக்கு வரும். வழி இருந்தா ஒரு குடமே குடிப்பேன்."

டவுட்டு காலி டம்ளரை வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, ஏன் என்று அவனுக்கே முழுதாக விளங்காமல், கையிலிருந்த டம்ளரோடு வேனுக்கு அடியில் படுத்தான்.

"டம்ளரை வெச்சுட்டுப் போடா" என்றாள் அக்கா.

காலையிலிருந்து எண்ணெய் உள்ளே வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது டர்போவிலிருந்து கீழே இறங்குகிற ரப்பர் குழாயை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. அது நேரே கீழே இறங்க வேண்டும். தள்ளிவிட ஆளில்லை, தன் எடையில் தானே வடிகிற எண்ணெய் அது. ஆனால் அந்தக் குழாய் நடுவில் பாம்பு தலையைத் தூக்கின மாதிரி மேலெழும்பி நின்றது. கம்பி போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தது. கட்டியவன் அவனேதான். பக்கத்தில் ஓடும் புகைக்குழாயின் சூட்டில் ரப்பர் உருகிவிடுமோ என்று ஒரு டவுட்டு. அதனால் நேற்று அத்தனை அக்கறையாகக் கட்டினான்.

எண்ணெய் இறங்க வழியில்லாமல் டர்போவுக்குள்ளேயே தேங்கியிருக்கிறது. கால் வீங்குகிற மாதிரி அதுவும் வீங்கி, கசிந்து, புகைந்திருக்கிறது. மூன்றாம் நம்பர் அதைப் பட்டினி போட்டதால்தான் புகை நின்றது.

கம்பியை வெட்டினான். குழாயை அளவாக நறுக்கி நேரே இறக்கி மாட்டினான். சூடு படாமல் நடுவே ஒரு தகரத் தடுப்பு வைத்தான். நாலாம் நம்பரை மேலே பூட்டி இன்ஜினை ஓடவிட்டான். நன்றாகச் சூடாகும்வரை மூவரும் பின்னால் நின்று பார்த்தார்கள். புகை வரவில்லை.

"என்ன தம்பி பண்ணீங்க?" என்றார் தையல்காரர்.

"நீங்க சொன்னதைத்தாண்ணே."

"நான் தண்ணி வேண்டாம்னுதானே சொன்னேன்?" அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் குனிந்து, எண்ணெய் கீழே இறங்கும் குழாயை விரலால் காட்டினான். கடவுள் நேராக வந்து நம்பர் சொல்வதில்லை. வீங்கிய காலோடு ஒருவர் நமக்கு ஆறுதல் சொல்ல வருகிறார், நாம் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கிறோம். அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குள் எங்கோ பதிலை வைத்துவிட்டுக் கடவுள் பேசாமல் இருந்துகொள்கிறார்.

மறுநாள் காலையில் டவுட்டும் வேனில் ஏறிக்கொண்டான். கடைசி இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, மலை முழுக்கப் பின்கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தான். தெளிவாகத்தான் இருந்தது சாலை. ஆனாலும் ஒரு வளைவில் பனிமூட்டம் வந்ததும் "அக்கா, நிறுத்து" என்று எழுந்துவிட்டான்.

"அது பனிடா. உட்காரு" என்றாள் அவள்.

ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரையும் இறக்கிவிட்டதும் அவன் வேனுக்கு அடியில் குனிந்தான். தையல்காரர் கதவருகே நின்று திரும்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கீழே இறங்குதா?"

"இறங்குதுண்ணே."

"நல்லது. எனக்கும் மத்தியானத்துக்குள்ள இறக்கிடுவாங்க" என்று சொல்லிவிட்டு, வார் பூட்டாத செருப்பை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.