கையெழுத்திடாத பெட்டிகள்

1984 மே மாதம் அந்தக் கருவியைப் பவுலினிடம் கொடுத்தார்கள். பிரிஞ்சாங் ஊருக்கு மேலே மலையில் இருந்த தேயிலைத் தொழிற்சாலையின் பரிசோதனை அறையில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. காய்ந்த தேயிலையில் எவ்வளவு ஈரம் மிச்சம் இருக்கிறது என்று நிறுத்துப் பார்த்து எழுதுவாள். பெட்டிகள் லோரியில் ஏறும் முன் அவற்றுக்கான தாளில் கையெழுத்துப் போடுவாள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. மாடிப்படி ஏறினால் முட்டி வலித்தது.

"இது அதிர்வைப் பார்க்கிற மீட்டர்," என்றார் தொழிற்சாலையைக் கவனித்துக்கொண்ட சின்ன துரை ராதாகிருஷ்ணன். "ஒவ்வொரு மெஷின்லயும் பேரிங் மேல வச்சு நம்பரை எழுதுங்க. காலையில ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை."

"சார், மேல்மாடிக்கு ஏறி இறங்க என்னால முடியலையே. வேற யாருக்காவது குடுங்களேன்."

"எழுத்து சுத்தமா இருக்கிறது உங்களுக்குத்தான்லா."

ஈப்போவிலிருந்து வந்த பொறியாளர் இரண்டு நாள் இருந்து சொல்லிக்கொடுத்தார். மீட்டரிலிருந்து நீளும் கம்பியின் முனையைப் பேரிங் மேல் வைத்து அழுத்தினால் முள் நகரும். மூன்றுக்குள் நின்றால் இயந்திரம் நன்றாக இருக்கிறது. ஏழைத் தாண்டினால் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர் போனபின் பவுலின் தினம் பதினான்கு இயந்திரங்களைச் சுற்றி வந்து எழுதினாள். புத்தகத்தை யாரும் கேட்கவில்லை. பழுதான பிறகு பார்த்துக்கொள்வதுதான் அங்கே பழக்கம். மெக்கானிக் கிரகரி ஒருவர்தான், ஒன்றை ஒட்டவைத்துவிட்டு நிமிர்வதற்குள் இன்னொன்று நின்றுவிடும்.

ஆகஸ்டில் பினாங்கில் தேயிலை வாங்குகிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. சில பெட்டிகளில் தேயிலை பூஞ்சை வாடை அடிக்கிறதாம். ராதாகிருஷ்ணன் விசாரணை வைத்தார். பவுலினின் ஈரப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். மூன்று சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் அந்த நாட்களில் ஆறு இருந்தது.

டிரையரில் நின்றவர் செல்லையா. இருபத்திரண்டு வருடமாக அந்தச் சூட்டில் நின்று இலையைக் காய வைத்தவர்.

"இலையைத் தடிப்பா பரப்பியிருக்கீங்க," என்றார் ராதாகிருஷ்ணன்.

"எப்பவும் பரப்புற மாதிரிதான் சார் பரப்புனேன்."

ராதாகிருஷ்ணன் பவுலின் பக்கம் திரும்பினார். "இந்த நம்பர் சரிதானா?"

"சரிதான் சார்."

எண் சரிதான். அதற்குமேல் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெட்டிகளுக்கான தாளிலும் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். காய்ந்ததோடு கலந்துவிட்டால் சரியாகிவிடும் என்று மேஸ்திரி சொன்னார், போட்டுவிட்டாள். அதை அவள் அங்கே சொல்லியிருக்கலாம். விசாரணைப் புத்தகத்தில் செல்லையாவின் பெயரை எழுதி, மறுநாள் அவரைச் செடிகளுக்கு மருந்தடிக்கிற கூட்டத்தோடு மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

டிரையருக்கு மாடசாமி வந்தான். பயத்தில் இலையை மெல்லிசாகப் பரப்பினான். வேலை மெதுவாக நடந்தது. ஆனாலும் ஈரம் ஐந்தரை, ஆறு என்றே நின்றது.

ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துவிட்டுப் பவுலின் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பசியில்லை. மேசையில் இரண்டு புத்தகங்களும் திறந்து கிடந்தன, ஒன்றில் ஈரம், இன்னொன்றில் அதிர்வு. கண் தற்செயலாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனது. டிரையருக்குள் சூடான காற்றைத் தள்ளும் பெரிய விசிறி மே மாதம் இரண்டரையில் இருந்தது. ஜூலையில் ஐந்து. இப்போது ஒன்பது. அது ஏற ஏற ஈரமும் ஏறியிருந்தது. அவள் விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தாள். எல்லாம் அவளே எழுதியவை. ஏழைத் தாண்டிய அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கைதான் எழுதிக்கொண்டு போயிருக்கிறது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு ராதாகிருஷ்ணனிடம் போனாள்.

"சார், தப்பு செல்லையாண்ணன் மேல இல்ல. அந்த டிரையர் பேன்தான். காத்து ஒழுங்கா போகல."

அவர் பார்த்தார். புரியாமல் இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "இலை மலையா வந்து குவியுது பவுலின். இப்ப நிறுத்துனா எல்லாம் அழுகிப் போயிரும். ஞாயித்துக்கிழமை பார்ப்போம்."

ஞாயிற்றுக்கிழமையும் இலை வந்தது. விசிறி ஓடியது.

திங்கட்கிழமை காலை முள் பத்தைத் தொட்டது. கிரகரி கீழே பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, டிரையர் பேனைத் திறந்து பார்க்க எத்தன மணி நேரம் வேணும்?"

"ஆறு மணி நேரம். யாரு குடுப்பா?" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "நானும் சொல்லிச் சொல்லி விட்டுட்டேன்மா."

பதினோரு மணிக்கு லோரி வந்து நின்றது. நாற்பது பெட்டிகள் தயாராக இருந்தன. மேஸ்திரி தாளை நீட்டினார். பவுலின் பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"ஆறு சதவீதம் இருக்கு. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"என்ன பவுலின், புதுசா பேசுற. கலந்துட்டா சரியாப் போயிரும்லா."

"போன தடவ அப்படித்தான் போட்டேன்."

மேஸ்திரி போய் ராதாகிருஷ்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கோபப்படவில்லை. கையெழுத்துப் போடாவிட்டால் அவளையும் மலைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார்.

"அனுப்புங்க சார். இங்க ஏறி இறங்குறதுக்கு அது மேல்."

அவள் அதைத் துணிச்சலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியது. தாளை மேஸ்திரி பக்கம் தள்ளி வைத்தாள். வெளியே லோரிக்காரர் இன்ஜினை அணைத்தார். ராதாகிருஷ்ணன் சன்னல் வழியாகப் பெட்டிகளைப் பார்த்தார். பினாங்கிலிருந்து இன்னொரு கடிதம் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பிறகு லோரியைக் காலியாகத் திருப்பி அனுப்பிவிட்டு, கிரகரியைக் கூப்பிட்டு விசிறியை நிறுத்தச் சொன்னார்.

மூடியைக் கழற்றியதும் கிரகரி டார்ச்சை உள்ளே அடித்தார். இறக்கைகளில் தேயிலைத் தூசியும் கரியும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. ஒரு பக்கம் நிறைய, மறுபக்கம் குறைவு. சுரண்டியபோது ஓர் இறக்கையின் அடியில் விரல் நீளத்துக்கு விரிசல் தெரிந்தது.

"இன்னும் ரெண்டு நாள் ஓடியிருந்தா பிச்சுக்கிட்டு வந்திருக்கும்," என்றார் கிரகரி. விசிறிக்கு எதிரேதான் மாடசாமி நிற்கும் இடம். அவன் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

சுத்தம் செய்து, இறக்கையை மாற்றி, பேரிங்கையும் புதிதாகப் போட்டு ஓடவிட்டபோது மாலை ஆகிவிட்டது. பவுலின் கம்பியை வைத்தாள். நாலரை. கிரகரி நிறுத்தி, எடை சமமாவதற்காக ஓர் இறக்கையில் சின்ன இரும்புத்துண்டைப் பொருத்தினார். மூன்றரை. துண்டை நகர்த்தினார். இரண்டு. மறுநாள் தேயிலையில் ஈரம் மூன்றுக்கு வந்துவிட்டது. குவிந்திருந்த இலையில் ஒரு பகுதியைக் குப்பையில் கொட்ட வேண்டியிருந்தது. ராதாகிருஷ்ணன் அதிர்வுப் புத்தகத்தை இனித் தினமும் தன் மேசையில் வைக்கச் சொன்னார்.

சனிக்கிழமை பவுலின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் செல்லையாவின் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் மருந்து டாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பேன்தான் காரணம். திறந்து பார்த்துட்டாங்க. சார் உங்களத் திரும்ப டிரையருக்கு வரச் சொல்றாரு."

அவர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். "நீங்க அன்னிக்கு சரின்னு சொன்னீங்க."

"நம்பர் சரிதான்ணே. மத்ததையும் சொல்லியிருக்கணும். அந்தப் பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டதே நான்தான். சொல்லல."

"ம்."

தண்ணீர் வாய்க்காலில் வெள்ளையாக ஓடியது. உள்ளேயிருந்து அவர் மனைவி பாஞ்சாலை எட்டிப் பார்த்து, "உள்ள வாங்க," என்றாள். பவுலின் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அடுத்த வருஷம் எனக்கு ஐம்பத்தஞ்சு, வேலை முடிஞ்சிரும்," என்றார் செல்லையா. "அதுவரைக்கும் இதையே செஞ்சிட்டுப் போறேன். அங்க சூடு, இங்க மழை. உடம்புக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"கோவமாண்ணே?"

"அலுப்பு, தங்கச்சி." டாங்கியைக் கவிழ்த்து வைத்தார். "விசாரணைப் பொஸ்தகத்துல என் பேரை எழுதுனாங்கல்ல. பேன்தான் காரணம்னு அதுலயே எழுதச் சொல்லுங்க. அது போதும்."

திங்கட்கிழமை பவுலின் ராதாகிருஷ்ணன் முன்னால் நின்று அதைக் கேட்டாள். அவர் புத்தகத்தை எடுத்து இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெட்டிகளை அனுப்பக் கையெழுத்துப் போட்டது தான்தான் என்பதால் தன் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். அவர் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.